பத்தடி தள்ளி நின்றவர்

ஊசி போட்டுக்கொள்ளத் தானாக வந்து நின்ற ஒரே ஆள் அந்த மலையில் அவர்தான்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் துணை சுகாதார நிலையம் என்று ஓர் ஓட்டு அறையைக் கொடுத்து என்னை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. சொந்த ஊர் கீழே ஒடுகத்தூர் பக்கம். நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு சாமைக் கொல்லைக்குள் மறைந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் காக்கிச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு என் வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றார். எதற்கு ஊசி என்று கேட்டேன்.

"இன்னா இன்னா வச்சிருக்கீங்களோ அத்தெல்லாம் போடுங்கம்மா" என்றார்.

ரோடு ரோலர் ஓட்டுகிறவர். ஆலங்காயம் பக்கமிருந்து மலைமேல் கப்பி ரோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்லைப் பரப்பி, கிராவலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ரோலரை ஏற்றி இறக்குவார்கள். ஒரு வாரத்தில் கூப்பிடு தூரம் முன்னேறினால் பெரிய விஷயம். நான் போனபோது ரோடு எங்கள் ஊர் எல்லைக்கு வந்திருந்தது. மற்ற வேலையாட்கள் எல்லாம் ஒரே கொட்டகையில் படுத்தார்கள். இவர் மட்டும் ரோலரை ஒட்டித் தார்ப்பாய் கட்டித் தனியாக இருந்தார். தனியாகச் சமைத்தார். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓர் அலுமினியத் தூக்கில் ஊற்றி, மூடிக்கு மேலே துணியைக் கட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஒருவர் பீடியிலிருந்து தன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டதில்லை. யாராவது தும்மினால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நகர்ந்துகொள்வார்.

கல் கொண்டுவரும் லாரி டிரைவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, கீழே என்ன நோய் ஓடுகிறது என்பதுதான். திருப்பத்தூரில் கண்வலி என்றால் ஒரு வாரத்துக்கு அந்த லாரிப் பக்கமே போகமாட்டார். அது தெரிந்து டிரைவர்கள் வேண்டுமென்றே பெரிய பெரிய நோய்களாகச் சொல்வார்கள். பிள்ளைகள் அவர் பக்கத்தில் போய் இருமிவிட்டு ஓடுவார்கள். அவருக்குக் கோபம் வராது.

"பயமாத்தாம்பா இருக்குது, சும்மா இருங்க" என்பார்.

எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். மறைத்ததே இல்லை. கரடியை நேருக்கு நேர் பார்த்தவர்கள் அந்த மலையில் உண்டு. ஒருவராவது பயந்தேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. இவர் தினம் சொன்னார். சின்ன வயதில் எதையாவது பார்த்திருப்பார், யாரையாவது பறிகொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

"பயப்படறதுக்குக் காரணம் வேணுமாம்மா? மத்தவங்கல்லாம் எப்பிடிப் பயப்படாம இருக்காங்கன்னுதான் எனக்குப் புரியல."

கல்யாணம் ஆகி, அந்த அம்மாள் தாய்வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை என்று ரோட்டு மேஸ்திரி சொல்வார். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் கேட்க நிற்காமல் வந்துவிடுவேன்.

அவருக்கு அந்த மலையில் ஒரு சிநேகிதர் இருந்தார். வெள்ளையன் என்று பெயர். எங்கள் ஊர்க்காரர், அவர் வயதுதான் இருக்கும். கொஞ்சம் சாமைக் கொல்லை, இரண்டு புளியமரம். ரோட்டு வேலையில் ரோலருக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பகல் முழுக்க இவர் மேலே உட்கார்ந்து ஓட்டுவார், அவர் கீழே குடத்தோடு பின்பக்கமாக நடந்துகொண்டே ஊற்றுவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் வெள்ளையன் ரோலரின் முன்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு உட்காருவார். இவர் பின்சக்கரத்தில் சாய்ந்துகொள்வார். நடுவே அந்த வண்டியின் நீளம். அந்த இடைவெளியோடு இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். வெள்ளையன் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. சாமியே எதிரில் வந்தாலும் நம்ம ஆள் கை கழுவிட்டு வா என்றுதான் சொல்வார் என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் தனி ஆள். அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்கிற மாதிரி என் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுவேன்.

மறு வருஷம் முதல் மழைக்குப் பிறகு வாந்திபேதி வந்தது. கீழ்நாட்டில் ஏற்கெனவே பல ஊர்களில் இருந்தது. அடிவாரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த ஒரு குடும்பம் பக்கத்து ஊரில் முதலில் விழுந்தது. மூன்று நாளில் அந்த வீட்டில் இரண்டு பேர் போனார்கள். அடுத்த வாரம் கீழே இறங்குகிற வழியிலிருந்த மூன்று ஊர்களிலும் நோய் இருந்தது. காலரா என்று எனக்குத் தெரியும். என்னிடம் கொஞ்சம் மாத்திரையும் இரண்டு பாட்டில் குளுக்கோஸும் இருந்தன. பிளீச்சிங் பவுடர் கேட்டு ஆள் அனுப்பினேன். மழையில் புது ரோடு இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டதால் ஜீப் வரவில்லை.

ரோட்டு வேலைக்காரர்கள் விஷயம் தெரிந்த மறுநாள் காலையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு நடந்து இறங்கிவிட்டார்கள். ஊரில் இரண்டு குடும்பங்கள் ஆட்டையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு காட்டுக் கொல்லைக் குடிசைக்குப் போனவர்கள் ஒரு மாதம் முகம் காட்டவில்லை. ஊர்க்கவுண்டர் வெளியாள் யாரும் நுழையாதபடி ஊர்வழியில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒருவர் காலையிலிருந்து சாராயத்தைக் குடித்துக்கொண்டு, இதில் எந்தப் பூச்சியும் பிழைக்காது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். ஒரு கிழவி எல்லா வீட்டு வாசலிலும் வேப்பிலை செருகினாள். என் அறையிலும் செருகினாள், ரோலரிலும் செருகினாள். நான் நோட்டில் எழுதினேன். யார் வீட்டில் யாருக்கு எத்தனை தடவை போயிற்று, எத்தனை தம்ளர் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். 

வெள்ளையன் சாவு வீடுகளுக்குப் போனார். பக்கத்து ஊர்களில் தூக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டால் முள்ளைத் தாண்டிப் போய்விடுவார். நாலு பேர் இல்லாமல் பிணம் எப்படிப் போகும் என்று கேட்டார். அவர் பதற்றப்பட்டு நான் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் முன்னால் ஓடியிருக்க வேண்டியவர் ரோலர்காரர். அவர் ஓடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வழியில் மூன்று ஊர் இருக்கிறதே, அந்தக் காற்றையும் தண்ணீரையும் தாண்டி எப்படிப் போவது என்றார். போகப் பயம், இருக்கப் பயம். இரண்டு நாள் தார்ப்பாயை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் என் வாசலுக்கு வந்து, அவருடைய தூரத்தில் நின்று, இது எதனால் வருகிறது, எதனால் சாகிறது என்று கேட்டார். தண்ணீரில் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால் செத்துவிடும் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் விடிந்து பெண்கள் குடத்தோடு போனபோது சுனைக்கு இறங்குகிற வழியில் ரோலர் நின்றது. இரண்டு பாறைக்கு நடுவே ஒரு வண்டி அகலமுள்ள வழி அது. அத்தனை பெரிய இரும்பைச் சரியாக அதில் கொண்டுபோய்ச் செருகியிருந்தார். இந்தப் பக்கம் ரோட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பீப்பாய்கள் மூன்றைக் கழுவிக் கல்லடுப்பின் மேல் ஏற்றி, கீழே நெருப்பு எரிந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ரோலரின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மண்வெட்டி.

கவுண்டர் வந்தார். நானும் ஓடினேன். வண்டியை எடு என்றார் கவுண்டர். எடுக்கமாட்டேன் என்றார் இவர். இது எங்கள் ஊர்ச் சுனை, நீ யார் மறிக்க என்று கவுண்டர் சத்தம் போட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் தடியோடு நின்றார்கள். இவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊரு மேல உனக்கு இன்னாய்யா அம்மாம் அக்கறை?"

"உங்க மேல அக்கறை இல்லீங்க கவுண்டரே. என் உசுரு மேலதான். நீங்க பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டு வாந்தி எடுத்தா, அது ஓடியாந்து எங்கிட்டத்தான நிக்கும்? எனக்குச் சாவறதுக்குப் பயமா இருக்குதுங்க."

 ஊருக்கு நல்லது செய்ய வந்தேன் என்று சொல்லியிருந்தால் இழுத்துக் கீழே போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கவுண்டர் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தார். சற்று நேரத்தில் அவர் மனைவிதான் முதல் ஆளாகப் பீப்பாயிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஊரின் நாற்பது வீட்டுக்கும் ரோலர்காரர் தண்ணீர்தான். வெள்ளையன் விறகு வெட்டிப் போடுவார், ரோலரைச் சுற்றிப் பாறைமேல் ஏறிச் சுனையிலிருந்து மொண்டு கொடுப்பார். இவர் எரிப்பார். குடம் கழுவாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். கையைக் காட்டச் சொல்வார். எரிச்சலூட்டுகிற மனிதர். ஆனால் அந்த வாரம் எங்கள் ஊரில் புதிதாக யாரும் படுக்கவில்லை. எனக்கு நோட்டில் எழுத எதுவும் இல்லாத நாள்கூட வந்தது.

அப்போதுதான் பக்கத்து ஊரில் வெள்ளையனின் தங்கை புருஷன் இறந்த செய்தி வந்தது. போகவேண்டாம் என்று இவர் கெஞ்சினார். பீப்பாய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, வழக்கமில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். தங்கச்சி தனியாக நிற்கிறாள் என்றார் வெள்ளையன்.

"போனீன்னா அப்புறம் எங்கிட்ட வராத வெள்ளையா."

"சரி சாமி, வரல" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அங்கே அழுதுகொண்டிருந்த வீட்டில் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறார், குடித்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் இல்லை. திரும்பி வந்து, சொன்ன சொல்படி அடுப்புப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அவர் மனைவி குப்பம்மா என்னைக் கூப்பிட வந்தாள்.

நான் போகும்போதே கண் உள்ளே போயிருந்தது. விரல்களின் தோல் சுருங்கியிருந்தது. குளுக்கோஸ் பாட்டில் இரண்டும் முதல் வாரமே முடிந்துவிட்டன. ஆளை விட்டுக் கீழே செய்தி அனுப்பிவிட்டு, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவரைக் கூப்பிடுங்கள் என்றார் வெள்ளையன்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வேலிப்படலுக்கு வெளியே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். ஒரு பாத்திரத்தில் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து படலுக்கு அருகே வைத்துவிட்டுப் பின்னால் போனார். நான் எடுத்துக்கொண்டேன். உங்களைக் கேட்கிறார் என்றேன். படலைப் பிடித்தார். ஒரு காலை உள்ளே வைத்தார்.  காலை எடுத்துக்கொண்டார்.

"தண்ணியிலதான இருக்குதுன்னு சொன்னீங்க. உள்ள வந்து பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்குமாம்மா?"

ஒட்டாது. எனக்குத் தெரியும். மூன்று வாரமாக அப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். தொட்டுவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால், தூரத்தில், அந்த மூன்று பீப்பாயின் புகை தெரிந்தது. நாற்பது வீட்டின் உயிரும் இந்த மனிதனின் பயத்தில் தொங்கிக்கொண்டிருப்பது போல் தோன்றியது. இந்தப் பயம் போய்விட்டால் அந்த நெருப்பும் அணைந்துவிடும் என்று தோன்றியது.

"தெரியலண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நின்ற இடத்துக்கே போனார். அங்கிருந்து பேச ஆரம்பித்தார். ரோட்டைப் பற்றித்தான். அடுத்த திருப்பத்தில் பாறையை உடைக்கவேண்டும், அதற்கப்புறம் வேலை லேசு, ரோடு முடிந்தால் பஸ் விடுவார்கள், முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திருப்பத்தூர் போகலாம், முன் சீட்டு உனக்கு. உள்ளேயிருந்து வெள்ளையன் ம் கொட்டினார். மதியத்துக்கு மேல் அந்த ம் எனக்கு மட்டுமே கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

"சத்தமாப் பேசச் சொல்லுங்க நர்ஸம்மா" என்றார் வெள்ளையன்.

வாசலுக்கு வந்து சொன்னேன். அவர் கத்திப் பேசினார். தொண்டை கட்டியது. கட்டிய தொண்டையோடு பஸ் போகிற ஊர்களின் பெயரை வரிசையாகச் சொன்னார். பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளையன் போய்விட்டார். குப்பம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் வெளியே போய்ச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படியே விட்டோம் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை.

அடக்கத்துக்கு அவர் வரவில்லை. புதைத்துவிட்டு வந்தவர்கள் கை கால் கழுவச் சுடுதண்ணீர் தயாராக இருந்தது. யாரும் அவரிடம் பேசவில்லை. குப்பம்மா அதற்குப் பிறகும் தினம் குடத்தோடு வந்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

ரோடு அறுத்துப்போன இடங்களில் கல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டு ஜீப் மறுநாள் வந்தது. டாக்டர் வந்தார், ஊசி வந்தது, பவுடர் வந்தது. எங்கள் ஊரில் செத்தது வெள்ளையன் ஒருவர்தான். சுற்று ஊர்களின் கதை வேறு. எனக்குப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார்கள். அவருக்கு, அரசு வண்டியைப் பொதுவழியில் குறுக்கே நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. பயத்தில் செய்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வேலையாட்கள் திரும்பி வந்தார்கள். ரோடு நகர்ந்தது. தண்ணீர் ஊற்ற வேறு ஆள் போட்டார்கள். சாயங்காலங்களில் அவர் வண்டியிலிருந்து இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஐப்பசியில் எங்கள் பகுதி வேலை முடிந்து, ரோலரை மலையின் மறுபக்கம் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு வந்தது. காலையில் சொல்லிக்கொள்ள வந்தார்.

அன்று நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் ஒட்டியிருக்காது, எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் தெரியாது என்றேன் என்று சொன்னேன். நெருப்பைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன்.



"நீங்க சொல்லியிருந்தாலும் நான் உள்ள வந்திருக்க மாட்டேம்மா" என்றார். "அத நீங்க சொமக்காதீங்க. அது என்னுது."

சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று யோசித்திருக்கிறேன். பொய் சொல்லி நான் கேட்டதில்லை அவரை. அதனாலேயே முடிவுக்கு வர முடியவில்லை.

ரோலர் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். கண்ணுக்கு மறைந்த பிறகும் வெகுநேரம் அதன் சத்தம் மலைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வேலை எதுவும் ஓடாமல் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுதில் சத்தம் நின்றது. சாப்பிட நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி கிளம்பும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.